ஆயிரத்து முப்பத்து மூன்று வேட்புமனுக்கள்

(அங்கத்தினர் கல்வி வட்டத்துக்குரிய பாடம்)

நிர்வாகக் குழுத் தேர்தல் நெருங்கும் காலத்தில் நம் சங்க அங்கத்தினர்கள் கேட்கும் வினாக்களில் பெரும்பாலானவை வாக்கைப் பற்றியவை. யார் யாருக்கு வாக்குண்டு, பட்டியலில் பெயர் விடுபட்டால் யாரிடம் முறையிடுவது, பங்குத்தொகை கூடுதலாகச் செலுத்தியவருக்குக் கூடுதல் வாக்கு உண்டா என்றெல்லாம் கேட்பார்கள். கடைசி வினாவுக்கு விடை எல்லோரும் அறிந்ததே: கூட்டுறவில் ஆளுக்கு ஒரு வாக்குத்தான். ஆனால் தேர்தலில் நிற்கும் உரிமையைப் பற்றி எவரும் கேட்பதில்லை. அது ஊரில் நாலு பேருக்கு உரியது, தறியில் உட்கார்ந்திருப்பவனுக்கும் ஏர் பிடிப்பவனுக்கும் அதில் என்ன வேலை என்ற எண்ணம் நம்மிடையே ஊறிப் போயிருக்கிறது.

இம்மாதப் பாடம் அவ்வுரிமையைப் பற்றியது. சட்டப் பிரிவுகளை வரிசையாக எழுதினால் எவரும் படிப்பதில்லை என்பதை அனுபவத்தில் கண்டிருக்கிறோம். ஆகவே ஒரு சட்டசபை உறுப்பினரின் தேர்தல் வரலாற்றைப் பிடித்துக்கொண்டு அதன் வழியே செல்வோம். கைத்தறித் துறைக்கு அமைச்சராக இருந்தவர் அவர். உழவர்கள் நூற்றுக்கணக்கில் வேட்பாளர்களாக நின்ற விந்தையான ஒரு தேர்தலில் வென்றவரும் அவரே. நெசவாளருக்கும் உழவருக்கும் பொதுவான இப்பத்திரிகைக்கு இதைவிடப் பொருத்தமான வரலாறு கிடைப்பது அரிது.

திருமதி சுப்புலட்சுமி ஜெகதீசன் 1977-ஆம் ஆண்டுத் தேர்தலில் மொடக்குறிச்சித் தொகுதியிலிருந்து அண்ணா தி.மு.க. சார்பில் முதன்முறையாகச் சட்டசபைக்குச் சென்றார். அக்காலத்தில் அப்பகுதி கோயமுத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 1979-இல்தான் பெரியார் மாவட்டம் தனியே பிரிந்தது, பின்னர் அது ஈரோடு மாவட்டம் எனப் பெயர் பெற்றது. திரு. எம்.ஜி.இராமச்சந்திரனின் முதல் அமைச்சரவையில் அவருக்குக் கைத்தறித் துறை கிடைத்தது. ஈரோட்டைச் சுற்றித் தறிச் சத்தம் கேளாத ஊர் குறைவு. அம்மண்ணிலிருந்து சென்றவருக்கு அத்துறை கிடைத்ததை நெசவாளர்கள் மகிழ்வோடு வரவேற்றிருப்பர் என்று கருதலாம். ஆனால் மாநில அமைச்சர் ஒருவரால் கைத்தறிக்கு என்ன செய்ய முடியும் என்பதை அங்கத்தினர்கள் நிதானமாக எண்ணிப் பார்க்கவேண்டும். தள்ளுபடி மானியம் தரலாம். கூட்டுறவு விற்பனைக்கு வழி செய்யலாம். அரசினர் துணிக் கொள்முதலைச் சங்கங்களுக்குத் திருப்பிவிடலாம். பஞ்சு விலையும் நூல் விலையும் அவர் கையில் பெரும்பாலும் இல்லை. இதை அறியாமல் அமைச்சரை வாழ்த்துவதும் வைவதும் நம்மவர்க்குப் பழக்கமாகிவிட்டது.

அந்த அரசு 1980 பிப்ரவரியில் கலைக்கப்பட்டது. திருமதி சுப்புலட்சுமி ஜெகதீசன் தி.மு.கழகத்தில் சேர்ந்தார். 1989-இல் ஈரோடு தொகுதியிலிருந்து மீண்டும் சட்டசபைக்கு வந்து, திரு. மு.கருணாநிதியின் அமைச்சரவையில் சமூக நலத்துறையைப் பெற்றார். அவ்வரசும் 1991 ஜனவரியில் கலைக்கப்பட்டது. ஐந்தாண்டு என்று எண்ணி வாக்களித்த மக்களுக்கு இரு முறையும் ஐந்தாண்டு கிட்டவில்லை. இவற்றை விரைந்து கடந்து 1996-க்கு வருவோம். நம் பாடம் அங்கேதான் இருக்கிறது.

மொடக்குறிச்சி வட்டாரம் வாய்க்கால் பாசனத்தையும் கிணற்றுப் பாசனத்தையும் நம்பியது. ஒருபுறம் பல நூற்றாண்டுகட்கு முன் வெட்டிய காலிங்கராயன் வாய்க்கால். மறுபுறம் சுதந்திரத்துக்குப்பின் பவானிசாகர் அணையிலிருந்து வந்த கீழ்பவானி வாய்க்கால். மஞ்சளும் கரும்பும் நெல்லும் விளையும் பூமி. நீருக்கும் விலைக்கும் மின்சாரத்துக்கும் உழவர்கள் ஓயாமல் மனுக் கொடுத்துக்கொண்டிருக்கும் பூமியும் அதுவே. தங்கள் குறையை ஆள்வோர் எவரும் செவிமடுப்பதில்லை என்று மனம் வெறுத்த உழவர்கள், 1996 சட்டசபைத் தேர்தலில் ஒரு வழியைக் கண்டார்கள். ஊர்வலம் போகவில்லை, வாக்களிக்க மறுக்கவும் இல்லை. தாங்களே வேட்புமனுத் தாக்கல் செய்தார்கள். ஒருவர் இருவர் அல்லர். மனுக்கள் பரிசீலிக்கப்பட்டு, திரும்பப் பெறும் நாளும் கழிந்தபின் களத்தில் நின்ற வேட்பாளர்களின் எண்ணிக்கை 1,033.

ஒரு சட்டசபை ஸ்தானத்துக்கு 1,033 பேர்! உலகத் தேர்தல் வரலாற்றில் இதற்கு இணை கிடையாது என்று சொல்லுகிறார்கள். அவ்வாண்டில் வேறிடங்களிலும் இக்காற்று வீசிற்று. ஆந்திரத்தின் நல்கொண்டா மக்களவைத் தொகுதியில் 480 பேரும், கர்நாடகத்தின் பெல்காம் தொகுதியில் 456 பேரும் நின்றார்கள். ஆயினும் மொடக்குறிச்சியை எட்டியது எதுவுமில்லை.

இதன் விளைவைத் தேர்தல் அலுவலரின் பக்கத்திலிருந்து சிறிது பாருங்கள். அப்போது வாக்குப்பதிவு இயந்திரம் வரவில்லை, வாக்குச்சீட்டுத்தான். 1,033 பெயர்களை ஒரு தாளில் அச்சிட இயலாது. ஆகவே வாக்குச்சீட்டைப் புத்தகமாகவே அச்சிட்டார்கள். வாக்காளர் ஒவ்வொருவருக்கும் ஒரு புத்தகம். அவர் அதைப் புரட்டித் தாம் வேண்டிய பெயரைத் தேடி முத்திரையிட்டுப் பெட்டியில் போடவேண்டும். எழுத்தறியாத மூதாட்டி ஒருவர் அப்புத்தகத்தைக் கையில் வாங்கிய காட்சியை எண்ணிப் பார்த்தால் நமக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை ஏற்பாடுகளுக்கும் நாள் வேண்டுமாதலால் அத்தொகுதியில் மட்டும் வாக்குப்பதிவு ஏறத்தாழ ஒரு மாதம் தள்ளிப் போயிற்று. அதற்குள் மே 13-ஆம் தேதி புதிய அமைச்சரவை சென்னையில் பதவியேற்றுவிட்டது. தங்கள் குறையைத் தேர்தலுக்கு முன்னே உரக்கச் சொல்ல விரும்பியவர்கள், அரசு அமைந்தபின் வாக்களிக்கும்படி ஆயிற்று.

முடிவு என்ன? தி.மு.க. வேட்பாளரான திருமதி சுப்புலட்சுமி ஜெகதீசன் 64,436 வாக்குகள் பெற்றார். அடுத்து வந்த அண்ணா தி.மு.க. வேட்பாளர் திரு. கிட்டுசாமி பெற்றவை 24,896. வித்தியாசம் 39,540. சுயேச்சைகளில் 88 பேருக்கு ஒரு வாக்குக்கூட விழவில்லை. 158 பேருக்கு ஒரே ஒரு வாக்கு.

இந்த 88 என்ற எண்ணைக் கல்வி வட்டத்தில் நிதானமாக ஆராயவேண்டும். சாதாரணமாக இதைக் கேட்போர் நகைப்பர். தமக்கே வாக்குப் போட்டுக்கொள்ளாத வேட்பாளரா என்பர். வேட்பாளராக நிற்பவர் மாநிலத்தின் ஏதாவது ஒரு தொகுதியில் வாக்காளராக இருந்தால் போதும் என்பது சட்டம். ஆகவே அவருள் சிலருக்கு மொடக்குறிச்சியில் வாக்கே இல்லாமல் இருந்திருக்கலாம். அதைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் ஒன்று தெளிவாகிறது. இவர்கள் வாக்கை நாடி நிற்கவில்லை. தங்கள் பெயர் அச்சேறவேண்டும், அச்சேறிய பெயரை அரசினர் எண்ணியாகவேண்டும் என்பதற்காக நின்றார்கள். நின்றபின், வாக்குச்சாவடியில் தங்கள் வாக்கைத் தங்களுக்கு வேண்டிய கட்சிக்கே போட்டுவிட்டுப் போனவர்களும் இருந்திருக்கவேண்டும். குறையைச் சொல்ல ஒரு வழி, ஆள்வோரைத் தேர்ந்தெடுக்க ஒரு வழி என்று அத்தொகுதி மக்கள் இரண்டையும் வேறாக வைத்தார்கள் என்பது எங்கள் கருத்து. 64,436 என்ற எண்ணை வேறு எவ்வாறு விளக்குவது?

இவ்விடத்தில் எங்கள் அலுவல் வாழ்வில் நிகழ்ந்த ஒன்றைக் குறிப்பிடாமல் இருக்க இயலவில்லை. கொங்கு நாட்டின் ஒரு நெசவாளர் சங்கத்துக்கு நாங்கள் தேர்தல் நடத்தச் சென்றிருந்தோம். பதினொரு இடங்களுக்கு 46 மனுக்கள் வந்திருந்தன. திரும்பப் பெறும் நாள் மாலை வரையில் ஒருவரும் திரும்பப் பெறவில்லை. அவர்களுள் மூத்தவரை அழைத்து, "உங்களுக்கு இயக்குநராக வேண்டும் என்று ஆசையா?" என்று கேட்டோம்.

"எனக்கெதுக்குங்க அதெல்லாம்? கூலி பாக்கி நாலு மாசமா நிக்குதுங்க. பாவு நூலு இழைக்கு இழை அறுகுதுங்க. மனுக் குடுத்துக் குடுத்துப் பாத்தோம்."

"மனுவுக்குப் பதில் வரவில்லையா?"

"மனுக் குடுத்தா யாரும் படிக்கறதில்லீங்க. வேட்புமனுக் குடுத்தா நீங்க படிச்சுத்தானுங்களே ஆகோணும்!"

படித்துத்தான் ஆகவேண்டியிருந்தது. 46 மனுக்களையும் பிரேரேபித்தவர் கையெழுத்து, ஆமோதித்தவர் கையெழுத்து, அங்கத்தினர் எண் என்று ஒவ்வொன்றாகப் படித்தோம். மறுநாள் சங்கத்தின் மினிட் புத்தகத்தை வாங்கிப் பார்த்தோம். முந்திய இரண்டு பேரவைக் கூட்டங்களின் நடவடிக்கைகளிலும் "தீர்மானங்கள் ஏகமனதாக நிறைவேறின" என்ற ஒரே வாசகம் இருந்தது. அதன் கீழே தணிக்கைக்கு வந்தபோது பார்வையிட்டதற்கு அடையாளமாக எங்கள் கையெழுத்தும் இருந்தது. கூலி நாலு மாதமாக நிலுவையில் நிற்கும் சங்கத்தில் ஏகமனது எங்கிருந்து வந்தது என்று நாங்கள் அன்று கேட்டிருக்கவேண்டும், கேட்கவில்லை.

தேர்தலும் நடந்தது. 46 பெயர் கொண்ட சீட்டில் பதினொன்றுக்கு மட்டும் குறியிடவேண்டும் என்பதை எத்தனை முறை சொல்லியும், பன்னிரண்டும் பதின்மூன்றும் குறியிட்டுச் செல்லாத வாக்குகளாகப் போனவை பல. அச்சுக்கூலியும் சங்கத்தின் பொது நிதியிலிருந்துதான் கொடுக்கப்பட்டது. கூலி நிலுவையில் நின்றவர்களின் பணமே அது. பழைய குழுவில் பாதிப் பேர் மீண்டும் வந்தார்கள். ஆயினும் தேர்தல் முடிந்த ஒன்றரை மாதத்துக்குள் கூலி நிலுவையில் பெரும்பகுதி தீர்ந்தது என்பதையும் சொல்லிவிடவேண்டும். புதிய குழு அஞ்சியதா, மாவட்ட அலுவலகம் விழித்துக்கொண்டதா என்று எங்களுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

நிற்க. மொடக்குறிச்சிக்குத் திரும்புவோம்.

அவ்வளவு பேர் எப்படி நிற்க முடிந்தது? அந்நாளில் சட்டசபை வேட்பாளர் கட்டவேண்டிய டிபாசிட் தொகை 250 ரூபாய். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கு அதில் பாதி. செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் பெறாதவர்க்கு அது திரும்பக் கிடைக்காது. 1,033 பேரும் முழுத் தொகை கட்டினார்கள் என்று வைத்துக்கொண்டாலும் மொத்தம் 2,58,250 ரூபாயைத் தாண்டாது. ஒரு வட்டாரத்து உழவர்கள் கூடித் தாங்கக்கூடிய தொகைதான். மனுவில் முன்மொழிய ஒரே ஒரு வாக்காளர் போதும்.

அதே 1996-ஆம் ஆண்டிலேயே நாடாளுமன்றம் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தைத் திருத்திற்று. சட்டசபைத் தேர்தலுக்கு டிபாசிட் 5,000 ரூபாயாகவும், மக்களவைக்கு 10,000 ரூபாயாகவும் உயர்ந்தன. அங்கீகாரம் பெற்ற கட்சியின் வேட்பாளருக்கு ஒருவர் முன்மொழிந்தால் போதும். சுயேச்சைக்குப் பத்துப் பேர் முன்மொழியவேண்டும் என்று ஆயிற்று. 2009-இல் மீண்டும் திருத்தி, டிபாசிட்டைச் சட்டசபைக்கு 10,000 என்றும் மக்களவைக்கு 25,000 என்றும் வைத்தார்கள். திருத்தத்துக்கு மொடக்குறிச்சி ஒன்றே காரணம் என்று சொல்வது சரியன்று. நாடெங்கும் சுயேச்சைகள் பெருகியதைப் பற்றிய பேச்சு அதற்கு முன்னரே இருந்தது. ஆனால் புத்தகமாகிப் போன வாக்குச்சீட்டைக் கண்டபின் அப்பேச்சுக்கு மறுப்புச் சொல்ல எவராலும் இயலவில்லை.

இத்திருத்தத்தைப் பற்றி எங்கள் கருத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். கல்வி வட்டத்தில் மாறுபட்ட கருத்துள்ளோர் தாராளமாக மறுக்கலாம். பத்துப் பேர் முன்மொழியவேண்டும் என்பது நியாயமே. தம்மை நம்பும் பத்து வாக்காளரைத் திரட்ட இயலாதவர் தொகுதி முழுவதையும் அச்சுச் செலவுக்கு ஆளாக்குவது முறையன்று. நம் சங்கங்களிலும் பிரேரேபிப்பவரும் ஆமோதிப்பவரும் வேண்டும் என்றுதானே இருக்கிறது? ஆனால் டிபாசிட் தொகை வேறு வகையைச் சேர்ந்தது. பத்துக் கையெழுத்து, ஒருவரை நாலு பேர் அறிந்திருக்கிறார்களா என்று கேட்கிறது. பத்தாயிரம் ரூபாய், அவர் கையில் பணம் இருக்கிறதா என்று கேட்கிறது. அதே 1,033 பேர் இன்றைய விகிதத்தில் முழுத் தொகை கட்டினால் 1,03,30,000 ரூபாய் ஆகும். கட்சிக்காரருக்குப் பத்தாயிரம் ஒரு நாள் கூட்டத்தின் மேடைச் செலவுக்கும் காணாது. தறிக்கூலியில் வாழ்பவருக்கு அது எத்தனை மாத உழைப்பு என்பதை இப்பத்திரிகையைப் படிப்போருக்கு நாங்கள் சொல்லவேண்டியதில்லை.

டிபாசிட் உயர்வு கூட்டத்தைத் தடுத்ததா என்றால், அதுவும் இல்லை. 2019 மக்களவைத் தேர்தலில் தெலுங்கானாவின் நிஜாமாபாத் தொகுதியைப் பாருங்கள். அங்கும் மஞ்சள் விளைவிக்கும் உழவர்கள்தாம். மஞ்சளுக்கு நல்ல விலையும் தனி வாரியமும் வேண்டுமென்று ஆளுக்கு 25,000 கட்டி நின்றார்கள். மொத்த வேட்பாளர் 185 பேர், அவர்களுள் மிகப் பெரும்பாலோர் உழவர். ஒரு வாக்குப்பதிவு இயந்திரத்துக்கு 12 பெயர்ப்பலகைகளை வரிசையாக இணைக்கவேண்டி வந்தது. பதவியிலிருந்த உறுப்பினர் அத்தேர்தலில் தோற்றார். தேசிய மஞ்சள் வாரியம் நிஜாமாபாத்தைத் தலைமையிடமாகக் கொண்டு 2025 ஜனவரியில் தொடங்கப்பெற்றது. ஆக, ஒன்றுகூடி நிற்பவர்களைத் தொகையின் உயர்வு தடுக்கவில்லை. தன்னந்தனியாக நின்று ஒரு நியாயத்தைச் சொல்ல நினைக்கும் ஏழையைத்தான் அது தடுத்தது. சட்டம் யாரைக் குறிவைத்து இயற்றப்பட்டதோ அவர்கள் தப்பிவிட, குறியில் இல்லாதவன் அகப்பட்டுக்கொண்டான்.

2013-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி, "எவருக்கும் வாக்கில்லை" என்று பதிவு செய்யவும் இயந்திரத்தில் ஒரு பொத்தான் வைத்தார்கள். மொடக்குறிச்சி உழவர்களின் கையில் 1996-இல் அது இருந்திருந்தால் போதுமாயிருக்குமா என்று சிலர் கேட்பர். போதாது என்பதே எங்கள் எண்ணம். அப்பொத்தானை அழுத்தியவர் யார், எதற்காக அழுத்தினார் என்பது வெளியே வராது. வேட்புமனுவில் பெயரும் ஊரும் இருக்கின்றன.

திருமதி சுப்புலட்சுமி ஜெகதீசனின் வரலாறு 1996-உடன் முடியவில்லை. 2004-இல் திருச்செங்கோடு மக்களவைத் தொகுதியில் நின்று, பிற்காலத்தில் முதலமைச்சரான திரு. எடப்பாடி கே.பழனிசாமியைத் தோற்கடித்தார். மத்திய அரசில் சமூக நீதித் துறையின் இணையமைச்சராக 2009 வரை இருந்தார். திருச்செங்கோடு மக்களவைத் தொகுதி எல்லை மறுசீரமைப்பில் பின்னர் மறைந்துபோயிற்று.

2021 சட்டசபைத் தேர்தலில், முதன்முதல் தம்மை அனுப்பிவைத்த மொடக்குறிச்சிக்கே அவர் மீண்டும் வந்தார். இம்முறை புத்தகம் இல்லை, இயந்திரந்தான். எதிர்த்து நின்றவர் பாரதிய ஜனதாக் கட்சியின் டாக்டர் சி.சரஸ்வதி. எண்ணி முடித்தபோது டாக்டர் சரஸ்வதிக்கு 78,125. திருமதி சுப்புலட்சுமி ஜெகதீசனுக்கு 77,844. வித்தியாசம் 281 வாக்குகள். அவருடைய கட்சி மாநிலத்தில் ஆட்சியைப் பிடித்த தேர்தல் அது. அவர் அக்கட்சியின் துணைப் பொதுச் செயலாளர். 2022 செப்டம்பரில் கட்சியிலிருந்தே விலகினார்.

முன்பு 39,540 வாக்கு வித்தியாசம் தந்த தொகுதி, இருபத்தைந்து ஆண்டுகட்குப்பின் 281-இல் முடிவு செய்தது. தொகுதி எல்லை இடையில் மாறியிருப்பதால் இரண்டையும் அப்படியே ஒப்பிடுவது பொருந்தாது என்பதை நாங்கள் மறக்கவில்லை. இருந்தாலும் ஒரு கணக்கை அங்கத்தினர்கள் போட்டுப் பார்க்கலாம். 281 வாக்கு வித்தியாசம் என்றால், 141 பேர் மனம் மாறி அணி மாறியிருந்தால் முடிவு மாறியிருக்கும். 141 பேர் என்பது நம் சங்கங்களில் நடுத்தரமான ஒன்றின் பேரவைக் கூட்டத்துக்கு வருவோர் தொகைதான். வராதோர் தொகை இதைவிட அதிகம்.

அடுத்த கல்வி வட்டத்துக்கு வருவோர் தத்தம் சங்கத்தின் துணைவிதிப் புத்தகத்தைத் தவறாமல் எடுத்து வரவேண்டும். வேட்புமனுவுக்கு எத்தனை பேர் கையெழுத்து வேண்டும், எக்காரணங்களால் மனு தள்ளுபடியாகும், பேரவையில் எழுப்பிய குறையை மினிட் புத்தகத்தில் எழுதும்படி அங்கத்தினர் எவ்வாறு கோரலாம் என்ற மூன்றையும் அதிலிருந்தே படித்து ஆராய்வோம். சென்ற ஆண்டுப் பேரவைக் கூட்ட நடவடிக்கையின் நகலும் கிடைத்தால் கொண்டு வருக.